உண்ணிக்குத் தெளித்தது மாட்டைச் சாய்த்தது

"உண்ணி சாகவே மாட்டேங்குதுண்ணே. கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க."

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் கால்நடை மருந்து விற்கும் கடை ஒன்றில் நின்றிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கேட்டவர் அணைக்காட்டுப் பக்கத்துக்காரர். இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கிறார். போன மாதம் இங்கே வாங்கிய மருந்தைத்தான் அடித்திருக்கிறார். பத்து நாளில் காதுக்குள்ளும் மடியோரத்திலும் வாலடியிலும் மறுபடி உண்ணி. "என்ன அளவுல கலந்தீங்க?" என்றார் கடைக்காரர். "மூடியால ரெண்டு மூடி." "எவ்வளவு தண்ணிக்கு?" "ஒரு வாளிக்கு." எந்த மூடி, எத்தனை லிட்டர் வாளி என்று கடைக்காரரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாட்டு உண்ணியைக் கொல்கிற மருந்து மாட்டையே எப்படிச் சாய்க்கிறது, அடிக்கிற ஆளை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். பெரும்பாலான விபத்துகளின் முதல் படி இந்தப் பேச்சுதான் என்று அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

கடைக்காரர் அனுமதியோடு அலமாரியிலிருந்து பாட்டில்களை இறக்கிப் பார்த்தேன். முதலில் டெல்டாமெத்ரின், 1.25 சதம். உண்ணிக்கு லிட்டருக்கு 2 மில்லி. பதினைந்து லிட்டர் வாளி என்றால் 30 மில்லி. இது பைரித்ராய்டு வகை. செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இயற்கையாக உள்ள நஞ்சைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்த சரக்கு. கொசுவத்தியிலும் இந்தக் குடும்பம்தான் எரிகிறது. நரம்பு இழையில் சோடியம் நுழையும் வழி ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூட வேண்டும். இந்த மருந்து அதை மூடவிடாது. உண்ணியின் நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துக் கடைசியில் செயலற்றுப் போகும். மாட்டின் நரம்பிலும் அதே வழிகள் உண்டு. ஆனால் மாட்டின் உடம்புச் சூட்டில் மருந்தின் பிடி தளர்கிறது, ஈரல் அதைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் குறைவு. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை செத்தும் போகலாம். மீனுக்கோ இது கொடிய விஷம். மருந்து அடித்த கையோடு மாட்டைக் குளத்தில் இறக்கிக் கழுவுவதும், தெளிப்பானை வாய்க்காலில் அலசுவதும் இந்தப் பக்கத்தில் சாதாரணம். நசுவினி ஆற்றிலும் ஊர்க் குளங்களிலும் உள்ள கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்த அலசல் தண்ணீரே போதும்.

அடுத்தது அமிட்ராஸ், 12.5 சதம். இதற்கும் லிட்டருக்கு 2 மில்லிதான். உண்ணியின் நரம்பில் ஆக்டோபமின் என்ற தூதுப்பொருள் வேலை செய்யும் இடத்தில் போய் உட்காரும். உண்ணி நிலை தடுமாறிக் கடித்த பிடியை விட்டு உதிர்ந்துவிடும். பாலூட்டிகளின் உடம்பில் இதே மருந்து வேறொரு கதவைத் தட்டுகிறது. மாட்டை மயக்க டாக்டர்கள் போடும் சைலசின் ஊசி எந்த ஏற்பியில் வேலை செய்கிறதோ, அதே ஏற்பி. அளவு மீறினால் மாடு தூங்கி வழியும், இதயத் துடிப்பு குறையும், வயிறு அசையாது நின்றுபோகும். குதிரைக்கு இதைத் தொடவே கூடாது, குடல் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது ஐவர்மெக்டின் ஊசி. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பிறந்தது. சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015ல் நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. 50 கிலோ உடல் எடைக்கு 1 மில்லி, தோலுக்கு அடியில். புழு, பூச்சிகளின் நரம்பில் குளோரைடு நுழையும் வழியைத் திறந்து அவற்றை முடக்குகிறது. நம் மூளையிலும் மாட்டின் மூளையிலும் இது புகாதபடி தடுத்து வெளியே தள்ளும் காவல் ஒன்று இருக்கிறது. கோலி இன நாய்கள் பலவற்றில் பிறவியிலேயே அந்தக் காவலில் ஓட்டை உண்டு. அவற்றுக்கு அளவு கூடினால் கோமாதான். கறவையில் உள்ள மாட்டுக்குப் போடக் கூடாது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. மருந்து பாலில் வரும். அந்த எழுத்து ஒரு எறும்பு அளவுதான் இருக்கிறது.

இந்த மூன்றும், சொன்ன அளவில், சொன்ன விதத்தில் பயன்படுத்தினால் நல்ல மருந்துகள். இவற்றைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆளைக் கொல்வது இந்த அலமாரியில் இல்லாத பாட்டில்.

அந்தப் பாட்டிலைக் கால்நடை மருத்துவமனையில் பார்த்தேன். குட்டியானை வண்டியில் ஒரு கலப்பினப் பசுவை ஏற்றி வந்திருந்தார்கள். தாமரங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகனும். காலையில் மருந்து தடவியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் மாட்டுக்கு நடுக்கம். வண்டியிலிருந்து இறக்கும்போது மாடு கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரை தொங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தது, சாணம் தண்ணீராகப் பீய்ச்சியது. முன்தொடையிலும் விலாவிலும் தோலுக்கு அடியில் தசை தனித்தனியாகத் துள்ளுவதைக் கையை வைக்காமலே பார்க்க முடிந்தது.

"எதைத் தடவினீங்க?" என்று டாக்டர் கேட்டார். மகன் மஞ்சள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மோனோகுரோட்டோபாஸ், 36 சதம். சிவப்பு முக்கோணம். "தென்னைக்கு வேர்ல கட்ட வாங்கினது சார். உண்ணி மருந்துக்கு அது சாகல. அதான் இதுல கொஞ்சூண்டு..."

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்பு வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பாட்டில் இருப்பது ஆச்சரியம் இல்லை. ஈரியோபைட் சிலந்திக்கு, தென்னையின் இளவேரைச் சீவி, 10 மில்லி மோனோவும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிய பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவது பல வருடப் பழக்கம். கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது. காய்கறிப் பயிருக்கு இதை அடிக்க 2005லேயே தடை. 2023ல் மத்திய அரசு பிறப்பித்த ஆணை 36 சதக் கரைசலையே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆணை வந்தாலும் வாங்கி வைத்த பாட்டில் பரணிலிருந்து தானாக மறைந்துவிடுவதில்லை.

இது ஆர்கனோபாஸ்பேட் வகை. 1930களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடியபோது வெளிப்பட்ட குடும்பம். அதே தேடலில்தான் டாபூன் என்ற போர்க்கள நச்சும் கிடைத்தது. நரம்பு தசைக்கு உத்தரவு அனுப்பும்போது அசிட்டைல்கொலின் என்ற பொருளைத் திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் கொலினெஸ்ட்ரேஸ் என்ற நொதி அதை உடனே சிதைத்துவிட வேண்டும். மடையைத் திறந்தவன் வயல் நிறைந்ததும் அடைக்கவில்லை என்றால் வரப்பு உடைந்து எல்லா வயலும் மூழ்கும், அது மாதிரிதான் இந்த மருந்து அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டதும் நடக்கிறது. எச்சில், கண்ணீர், சிறுநீர், கழிச்சல், மூச்சுக்குழலில் சளி, எல்லாம் நிற்காமல் வருகிறது. தசை துள்ளித் துள்ளிக் களைத்துத் தளர்ந்துவிடும். நுரையீரல் தன் நீரிலேயே மூழ்க, மூச்சை இழுக்கும் தசையும் ஓய்ந்துபோவதால்தான் சாவு.

பூச்சிக்கும் மாட்டுக்கும் நமக்கும் இந்த நொதி ஒன்றுதான். அப்படியானால் மாலத்தியான் மட்டும் ஏன் பரவாயில்லை என்கிறார்கள்? அதை உடைக்கும் வேறொரு நொதி பாலூட்டிகளிடம் நிறைய இருக்கிறது, பூச்சியிடம் குறைவு. மோனோவில் அந்தச் சலுகை கிடையாது. எலிகளில் செய்த சோதனையில், வாய்வழி போனால் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 20 மில்லிகிராமே பாதி எலிகளைக் கொன்றுவிட்டது. இந்தப் பாட்டிலில் ஒரு மில்லியில் 360 மில்லிகிராம் இருக்கிறது. மாடு தடவிய இடத்தை நக்கும். கன்று தாயின் மடியை நக்கும். கடித்த புண்ணும் சொறிந்த தோலும் மருந்தை வேகமாக இழுக்கும்.

டாக்டர் முதலில் ஊசியைத் தொடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, சோப்பும் ஹோஸ் பைப்பும் கொண்டுவரச் சொன்னார். தோலில் மருந்து இருக்கும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மாட்டைக் கழுவிக்கொண்டிருக்க, டாக்டர் மாற்று மருந்தான அட்ரோபினுக்குக் கணக்குப் போட்டார். மாடு 300 கிலோ இருக்கும். கிலோவுக்கு கால் மில்லிகிராம் என்றால் 75 மில்லிகிராம். மனிதர்களுக்கு வரும் ஒரு மில்லி குப்பியில் இருப்பது 0.6 மில்லிகிராம்தான். அந்தக் குப்பியில் உடைப்பதாக இருந்தால் நூறுக்கு மேல் உடைக்க வேண்டும். கால் பங்கை ரத்தக்குழாயில், மீதியைத் தோலடியில் ஏற்றினார். இருபது நிமிடத்தில் எச்சில் நூல் அறுந்தது. மூச்சின் கரகரப்பு குறைந்தது. தசைத் துள்ளல் மட்டும் நிற்கவில்லை. "அட்ரோபின் அதைத் தொடாது" என்றார். அதற்கு பிராலிடாக்சிம் வேண்டும். கட்டுப்பட்ட நொதியை மருந்திலிருந்து பிரித்து எடுப்பது அது. நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகிவிடும், பிறகு போட்டுப் பயனில்லை.

"பாட்டிலை எடுத்துட்டு வந்தாங்களே, பாதி வேலை முடிஞ்சுது" என்று என்னிடம் சொன்னார். செவின் தூள் போன்ற கார்பமேட் என்றால் பிணைப்பு தானாகவே சில மணி நேரத்தில் தளரும், பிராலிடாக்சிம் அவசியப்படாது. அமிட்ராஸ் என்றால் கண்மணி சுருங்குவதும் இதயம் மெதுவாவதும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும், எச்சிலும் சளியும் இப்படி வழியாது, அதன் மாற்று மருந்தும் வேறு. அமிட்ராஸ் குடித்த மனிதர்களையே ஆர்கனோபாஸ்பேட் என்று நினைத்து அட்ரோபின் ஏற்றிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. புளித்தண்ணீர், எண்ணெய் என்று எதையும் மாட்டுக்கு வாயில் ஊற்றாமல் கொண்டுவந்ததும் நல்லது. விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள்தான் போகும்.

பிறகு டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை.

"கையிலதான் தடவினீங்களா அம்மா?"

"துணிய நனைச்சு..."

"தலை வலிக்குதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"காலைல சாப்பிடல தம்பி, அதான்" என்றார். டாக்டர் கேட்கவில்லை. கையையும் முழங்கையையும் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். மகனிடம் பாட்டிலின் லேபிளை செல்போனில் படம் எடுக்கச் சொல்லி, "மாட்ட நாங்க பாத்துக்கறோம். அம்மாவ இப்பவே ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போ. சேலைய மாத்தச் சொல்லு" என்று அனுப்பினார். என்னை மிகவும் உலுக்கியது இதுதான். அரை நாளாக எல்லோரும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். தன் உடம்பிலும் அதே விஷம் இறங்கிக்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. டெல்டாவில் மாட்டு வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான். உண்ணி மருந்து தடவுவதும் அவர்கள்தான், வெறுங்கையில், பழைய துணியில்.

ஒரு தடவையில் ஆள் விழவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. ரத்தச் சிவப்பணுவில் முடங்கிய நொதி நாளுக்குச் சுமார் ஒரு சதம் என்ற வேகத்தில்தான் மீளும். அது மீள்வதற்குள் அடுத்த தடவல் வந்தால் குறைவு மேல் குறைவு. பிரிட்டனில் 1992 வரை ஆட்டு உரிமையாளர்கள் சொறி நோய்க்காக ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்குவது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. பல வருடம் ஆர்கனோபாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுத்தவர்கள் தீராத அசதி, மறதி, மனச்சோர்வு என்று பின்னாளில் முறையிட்டார்கள், அந்த வழக்கும் வாதமும் பல ஆண்டுகள் நடந்தன. நம் ஊரில் இப்படி அசதியோடு இருக்கும் ஒரு பெண்ணிடம், மாட்டுக்கு என்ன மருந்து தடவினாய் என்று யார் கேட்கிறோம்?

மதியத்துக்கு மேல் மகனோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், பேசும் தெம்போடு இருந்தார். தோப்புக்கு ஓரமாகக் கொட்டகை. பாதிச் சுவர் செங்கல், பூச்சு உதிர்ந்தது. மேலே தென்னங்கீற்று. இன்னொரு மாடும் ஒரு கிடேரியும் கட்டியிருந்தன. கூட வந்த கால்நடை ஆய்வாளர் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துச் செங்கல் இடுக்கில் விட்டுக் கிளறினார். துவரம்பருப்பு அளவில் ஊதிய உண்ணிகள் ஏழெட்டு உதிர்ந்தன. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் பசைபோல ஒட்டிய முட்டைக் குவியல்.

நம் மாடுகளில் அதிகம் காணும் உண்ணி ஒன்று, குஞ்சாக ஏறியதிலிருந்து மூன்று வாரம் ஒரே மாட்டிலேயே ரத்தம் குடித்து வளர்கிறது. பிறகு பெண் உண்ணி கீழே விழுந்து, இப்படி ஒரு இடுக்கைத் தேடி, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுவிட்டுச் சாகிறது. பொரித்த குஞ்சுகள் சாப்பாடு இல்லாமலே வாரக்கணக்கில் காத்திருக்கும். எந்த நேரத்திலும் உண்ணிக் கூட்டத்தின் பெரும்பகுதி மாட்டின் மேல் இல்லை, சுவரிலும் தரையிலும்தான் இருக்கிறது. மாட்டின் மேல் எவ்வளவு அடித்தாலும் பத்து நாளில் திரும்ப வருவது இதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுகிறார்கள், அல்லது பாதி அளவில் அடிக்கடி அடிக்கிறார்கள். தப்பிப் பிழைத்த உண்ணிகளின் வாரிசுகள் டெல்டாமெத்ரினைத் தாங்கும் உண்ணிகளாகப் பிறக்கின்றன. அப்போது மருந்து நிஜமாகவே வேலை செய்யாமல் போகிறது. அடுத்து ஸ்ட்ராங்கா ஒண்ணு, அதுவும் போனால் தென்னைக்கு வாங்கிய பாட்டில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அப்பல்லாம் பி.எச்.சி. பவுடர்தான். துணியில முடிஞ்சு மாட்டு மேல தட்டுவோம். நெல்லுக்கும் அதான், மாட்டுக்கும் அதான்." பி.எச்.சி. 1997லிருந்து தடை. அதன் வீரியமான வடிவமான லிண்டேனின் பயன்பாடு 2013ல் நின்றது. அது உடனே ஆளைக் கொல்லாது. கொழுப்பில் தங்கும், வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும், பாலில் வரும். நுவான் என்று எல்லோரும் சொல்லும் டைகுளோர்வாஸ் 2020 கடைசியில் தடையானது. பெரியவர் பட்டியலில் அதுவும் இருந்தது. வயலுக்கு வாங்கியதை மாட்டுக்கு ஊற்றுவது இந்தத் தலைமுறையில் வந்த பழக்கம் இல்லை.

ஆய்வாளர் சொன்ன வேலைகள் எளியவைதான், ஆனால் உடம்பு வணங்கிச் செய்ய வேண்டியவை. இடுக்குகளைச் சிமெண்டால் பூசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உண்ணி மருந்தை மாட்டுக்கு அடிக்கும் அன்றே மாட்டை வெளியே கட்டிவிட்டுக் கொட்டகைச் சுவரிலும் அடிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்காக மறுபடி. சிரிஞ்சால் அளந்து, கையுறை போட்டு, வெயில் ஏறுமுன், மாட்டுக்கு முன்கூட்டியே தண்ணீர் காட்டிவிட்டு. தாகத்தில் இருக்கும் மாடு ஈர உடம்பை நக்கும். தஞ்சாவூர் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைக் கலவையையும் சொன்னார். பூண்டு, வசம்பு, மஞ்சள், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் வடித்து வாரம் ஒருமுறை பூசுவது. உண்ணி குறைவாக இருக்கும்போதே ஆரம்பித்தால் பலன் தெரியும் என்றார். மூலிகை என்று கடையில் விற்பது வேறு சங்கதி. நெதர்லாந்தில் 2017ல் கோழிப்பண்ணைச் செந்நிறச் சிற்றுண்ணிக்கு மூலிகைச் சரக்கு என்று விற்றதில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, பல லட்சம் முட்டைகளைத் திரும்பப் பெற்று அழித்தார்கள். வீட்டில் அரைத்தால் என்ன போட்டோம் என்பதாவது தெரியும்.

பாலைப் பற்றி மகன் தானாகவே கேட்டார். விழுந்த மாட்டின் பாலை டாக்டர் சொல்லும்வரை சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, கன்றுக்கும் விடக் கூடாது. "அப்ப இன்னொரு மாட்டுப் பால்?" அதற்கும் அம்மா மடியோரத்தில் கொஞ்சம் தடவியிருந்தார். ஆய்வாளர் அதையும் கழுவச் சொன்னார், அந்தப் பாலையும் நிறுத்தச் சொன்னார். சொசைட்டிக் கணக்கில் வாரக் கூலி போகிற இடம் அது. மகன் முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றார். இரவில் மாடு மறுபடி நடுங்கினால் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்யவும், அம்மாவுக்கு ஏதாவது என்றால் 108க்குப் போன் செய்யவும் ஆய்வாளர் சுவரில் கரியால் எழுதி வைத்தார்.

கிளம்பும்போது மகன் பாட்டிலைக் காட்டினார். கால்வாசி மீதி இருந்தது. வாங்கிய உரக்கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். குப்பை வண்டியிலும் போடக் கூடாது, கொல்லையில் புதைத்தால் கிணறு பக்கத்தில், வாய்க்காலில் ஊற்றினால் மீன். கல்லணைக் கால்வாய்ப் பாசனம் முழுக்க, தென்னந்தோப்பு முழுக்க, தடைசெய்த மருந்தின் கால் பாட்டில், அரை பாட்டில்கள் பரண்களில் இருக்கின்றன. தடை ஆணை போடத் தெரிந்த அரசுக்கு, ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒரு பூட்டிய பீப்பாயை வைத்து அவற்றைத் திரும்ப வாங்கத் தெரியாதா? விற்ற கம்பெனி அதன் செலவை ஏற்க வேண்டும். அதுவரை பாட்டிலைத் துணியில் சுற்றி, மூடியில் டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எட்டாத தகரப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னார் ஆய்வாளர். சாவியை மகன் தன் இடுப்புக் கயிற்றிலேயே முடிந்துகொண்டார்.